கம்பியைத் திட்டாதே, தம்பி

பியானோ ட்யூனிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அடி ஸ்தாயி முடிந்திருக்கும். நடு ஸ்தாயி அழகாகச் சேர்ந்திருக்கும். வலது கோடியை நோக்கி மேலே ஏற ஏற, ஒரு கட்டை மட்டும் பிடி கொடுக்காது. ட்யூனிங் லீவரை ஒரு மயிரிழை ஏற்றுவார்கள், இறக்குவார்கள், மறுபடியும் ஏற்றுவார்கள். ஒலி மட்டும் நெளிந்துகொண்டே இருக்கும். நேரம் போகும், முகம் சுண்டும். கடைசியில், "இந்தக் கம்பி சரியில்லை ஐயா, மாத்திடலாம்" என்று சொல்வார்கள்.

அந்த இடத்தில்தான் இந்தத் தொழிலே ஆரம்பமாகிறது என்பது என் எண்ணம். அதுவரை செய்தது பயிற்சி. ஆகவே இங்கே அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ட்யூனர் ஆகப்போகிற பிள்ளைகளுக்காக எழுதுவதுதான் இது. வேறு வேலைக்குப் போகிற பிள்ளைகளும் படிக்கலாம். ஒன்று பழுதானால் அதன் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்பது எல்லா வேலைக்கும் வேண்டிய படிப்பு.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். கட்டைகள் 88, கம்பிகளோ 220-க்கும் மேல். அடியில் செம்பு சுற்றிய தடித்த கம்பி, கட்டைக்கு ஒன்று. சற்று மேலே வந்தால் இரண்டிரண்டு. நடுவிலிருந்து கடைசி வரை கட்டைக்கு மூன்று உருக்குக் கம்பிகள், மூன்றும் ஒரே சுருதியில். ஒவ்வொரு கம்பியும் 70, 80 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டதுபோல் விறைத்து நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 16, 18 டன் இழுவிசை. அதைத் தாங்கத்தான் உள்ளே அந்த வார்ப்பிரும்புச் சட்டம்.

ஒரு கட்டையின் மூன்று கம்பிகளில் ஒன்று 440 அதிர்வும் இன்னொன்று 442 அதிர்வும் ஒலித்தால், இரண்டும் கூடி நொடிக்கு 2 தடவை பெருத்துச் சிறுக்கும். பள்ளிக்கூடத்து இயற்பியலில் விம்மல் என்று படித்திருப்பாய். நாங்கள் பீட் என்போம். பீட்டைக் கேட்டுக் கேட்டு அதை மெதுவாக்கி, கடைசியில் நிறுத்திவிடுவதுதான் ட்யூனரின் அன்றாட வேலை. இதற்குக் கண் பார்வைகூட வேண்டியதில்லை. சிறு வயதிலேயே பார்வையை இழந்த க்ளோத் மோன்டால் என்பவர் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பெயர்பெற்ற ட்யூனராகி, 1836-இல் ட்யூனிங் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அவருக்குப் பின்னால் எத்தனையோ நாடுகளில் பார்வையற்ற இளைஞர்கள் இந்தத் தொழிலில் சோறு தின்றிருக்கிறார்கள்.

விம்மல் வர இரண்டு கம்பிகள் வேண்டும். அதுதான் கணக்கு. ஆனால் மேல் ஸ்தாயியில், பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு ஒரே ஒரு கம்பியைத் தனியாக ஒலிக்கவிட்டாலும் அது தன்பாட்டுக்கு விம்மும். இதைத்தான் தொழிலில் ஃபால்ஸ் பீட், அதாவது பொய் விம்மல் என்கிறோம். லீவரை எங்கே நிறுத்தினாலும் இது போகாது. சுருதி ஏறும், இறங்கும். நெளிவு மட்டும் அப்படியே இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் ஆப் வைத்துக்கொண்டு ட்யூன் செய்கிறார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அந்தப் போன் ஆப்பிலும் முள் ஒரு இடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் ஆடும். முள்ளை நிறுத்தவேண்டும் என்று லீவரோடு மல்லுக்கட்டினால் கம்பி சுற்றியிருக்கும் ட்யூனிங் பின்தான் தளர்ந்துபோகும்.

ஒரே கம்பி இரண்டு கம்பிபோல் ஒலிப்பது எப்படி? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஹேமர் என்ற கம்பளிச் சுத்தியல் பட்டதும் கம்பி ஒரே திசையில் மட்டும் ஆடுவதில்லை. சவுண்ட்போர்டு என்ற ஒலிப்பலகையை நோக்கி மேலும் கீழுமாக ஆடுகிறது; கொஞ்சம் பக்கவாட்டிலும் ஆடுகிறது. அதன் ஒரு முனை இரும்புச் சட்டத்துப் பக்கம் இருக்கிறது. மறுமுனை பிரிட்ஜ் என்ற மரக்கட்டையின் மேல் இருக்கிறது. அந்தப் பிரிட்ஜில் கம்பிக்கு இரண்டு சிறு ஆணிகள், சற்றுச் சாய்த்து அறையப்பட்டிருக்கும். கம்பி அவற்றினிடையே வளைந்து போகும். இப்போது கவனி. மேல்கீழ் ஆட்டத்துக்கு எல்லை மரத்தின் விளிம்பு. பக்கவாட்டு ஆட்டத்துக்கு எல்லை அந்த ஆணி. இரண்டும் ஒரே புள்ளியில் இறுக்கமாக இருந்தால் கம்பிக்கு ஒரே நீளம், ஒரே சுருதி. ஆணி தன் துளையில் இம்மி தளர்ந்திருந்தாலும், பக்கவாட்டில் கம்பி ஆடும்போது ஆணியும் கூடவே ஆடும். அந்தத் திசையில் கம்பி கொஞ்சம் நீண்டதுபோல் ஆகிவிடும். ஒரே கம்பிக்கு இரண்டு நீளம், இரண்டு சுருதி. அந்த இரண்டும் தமக்குள் விம்முகின்றன.

எவ்வளவு தளர்ந்தால் காதுக்குக் கேட்கும்? நீயே கணக்குப் போட்டுப் பார். கடைசிக் கட்டையில் கம்பியின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். அதிர்வு நொடிக்கு 4186. அந்த நீளத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு மாறினால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு விம்மல் வந்துவிடும். அதே நூறில் ஒரு பங்கு நடு ஸ்தாயியில் 400 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் மாறினால், ஒரு விம்மலுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் ஒலியே அடங்கிவிடும். கோளாறு இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஒரு இடத்தில் யாருக்கும் தெரியாது, இன்னொரு இடத்தில் எல்லோருக்கும் கேட்கும். மேல் ஸ்தாயிக் கம்பிகள் மட்டும் கெட்ட பெயர் வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றும். என்னிடம் வேலை கற்ற ஒரு பையன் காலையில் எப்போதும் தூங்கி வழிவான். ரப்பர் ஆப்பை ஒரு கம்பிக்கு வைக்கச் சொன்னால் வேறு கம்பிக்கு வைப்பான். கூட இருந்தவர்கள் "சோம்பேறி, தேறமாட்டான்" என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு நாள் டீக்கடையில் உட்காரவைத்து, இராத்திரி எங்கே தங்குகிறாய் என்று கேட்டேன். பார்சல் கிடங்கில் இராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறான். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். வேலை நேரத்தை மதியத்துக்கு மாற்றினோம். அதே பையனின் காதுதான் இன்றைக்கு இந்த ஊரில் நான் நம்புகிற காதுகளில் ஒன்று. பையன் மாறவில்லை. அவன் எதன்மேல் நின்றுகொண்டிருந்தான் என்பதுதான் மாறியது. ஒரு பிள்ளை சரியாக ஒலிக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை எங்கே ஊன்றி நிற்கிறது, அந்த இடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நீ அப்படி ஆகிவிடாதே.

பிரிட்ஜ் ஆணி ஏன் தளர்கிறது? நம் ஊரில் இதைக் கேட்கவே வேண்டாம். பிரிட்ஜ் மேப்பிள் அல்லது பீச் மரத்தில் செய்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தை உறிஞ்சி உப்பும்; உப்பும்போது கம்பியைச் சாய்ந்த ஆணியோடு ஒட்டி மேலே தள்ளும், கம்பியின் அழுத்தத்தில் விளிம்பு மரமும் நசுங்கும். கோடையில் மரம் சுருங்கி இறங்கும். கம்பி சில சமயம் அதோடு முழுதாக இறங்காமல் ஆணியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றுவிடும். வருஷக் கணக்கில் இது நடந்தால் துளை அகலும், விளிம்பு தேயும். இந்த மழைக்காலம் பியானோவுக்குப் புதிதல்ல; மதராஸுக்குப் பியானோ வந்து நெடுங்காலம் ஆகிறது. இன்று மியூசி மியூசிக்கல் என்று நாம் அறிந்த கடை மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கியது 1842-இல். வெப்ப நாடுகளுக்கு அனுப்புகிற பியானோக்களில் பசையை மட்டும் நம்பாமல் திருகாணியும் பித்தளையும் சேர்த்துப் போட்டு அனுப்பியவர்கள் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள். அவர்களுக்கு நம் மழைக்காலம் தெரிந்திருந்தது. நம் காலத்து ஏசி தெரியாது. இராத்திரி முழுக்க ஏசி, பகல் முழுக்கப் புழுக்கம்: ஒரு வருஷத்து உப்பலையும் சுருங்கலையும் ஒரே நாளில் அந்த மரத்துக்குக் கொடுக்கிறோம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டால் கம்பியில் துரு. துருப்பிடித்த கம்பியும் பொய் பேசும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை அல்ல.

முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பள்ளி அரங்கில் பழைய பேபி கிராண்ட் ஒன்று. கச்சேரிக்கு இரண்டு நாள் இருந்தது. என்னோடு கற்றுக்கொள்ள வந்த பெண் ட்யூன் செய்துகொண்டிருந்தாள்; மேலே எஃப் கட்டையில் நின்றுவிட்டாள். நொடிக்கு 1397 அதிர்வுள்ள எஃப். "மூணும் சேரமாட்டேங்குது ஐயா" என்றாள். லீவரை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னேன். லீவர் கையில் இருக்கும்வரை காது வேலை செய்யாது. கைதான் வேலை செய்யும்.

முதலில் மூடிமேல் இருந்த போட்டோ சட்டத்தையும் பூச்சாடியையும் எடுத்தோம். அவை கூடச் சேர்ந்து அதிரும். பிறகு பக்கத்துக் கட்டைகளின் கம்பிகள்மேல் ஒரு துணிப் பட்டையைப் போட்டோம். மேல் ஸ்தாயியின் கடைசிக் கட்டைகளுக்கு ஒலியை அடக்கும் டாம்பரே கிடையாது. ஒன்றைத் தட்டினால் அக்கம்பக்கத்துக் கம்பிகள் தாமாகவே முனகும். அந்த முனகலைப் பழுது என்று நினைத்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. பிறகு ரப்பர் ஆப்பு வைத்து ஒவ்வொரு கம்பியாகக் கேட்டோம். வலது சுத்தம். நடு சுத்தம். இடது கம்பி தனியாகவே நெளிந்தது.

"தட்டின உடனே கேக்காதே, ஒரு நொடி விட்டுக் கேள்" என்றேன். இதற்குக் காரணம் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977-இல் பியானோக் கம்பிகள் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவர் காட்டியது: மேல்கீழ் ஆட்டம் தன் சக்தியைச் சவுண்ட்போர்டுக்குக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் அடங்குகிறது. பக்கவாட்டு ஆட்டம் மெதுவாக அடங்குகிறது. பியானோ ஒலி முதலில் சட்டென்று விழுந்து, பிறகு நீண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் அடியின் முழக்கத்தில் பக்கவாட்டு ஆட்டம் மறைந்துபோகும்; இரண்டும் சரிக்குச் சரி ஆகிற கணத்தில்தான் விம்மல் வெளியே வரும். மனிதர்கள் பேச்சிலும் முதல் வார்த்தையை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது, கொஞ்சம் பேசவிட வேண்டும்.

பிறகு ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை அந்த இடது கம்பியின் முன் ஆணிமேல், அதாவது கம்பியின் ஒலிக்கும் பக்கத்து ஆணிமேல் வைத்து, பக்கவாட்டில் மெல்ல அழுத்தினேன். அவள் கட்டையைத் தட்டினாள். ஒலி நேர்க்கோடாக நின்றது. நுனியை எடுத்தேன், நெளிந்தது. வைத்தேன், நின்றது. அவளையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, இந்தத் தொழில் இன்னொரு தலைமுறைக்குப் போகும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. கால் மணி நேரம் அவள் திட்டிக்கொண்டிருந்த கம்பியின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த ஆணிச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்யப் பழகு. அழுத்தும்போது விம்மல் நின்றால் ஆணி தளர்ந்திருக்கிறது. மெதுவானால் ஆணிக்கும் பங்கு உண்டு, வேறு ஒன்றும் இருக்கிறது. மாறவே இல்லை என்றால் வேறு இடம் பார். கம்பியைப் பிரிட்ஜ் ஓரத்தில் ஒரு மரக்குச்சியால் மெல்லக் கீழே அழுத்திப் பார். அதில் சரியானால் கம்பி மரத்தில் படியாமல் ஆணிமேல் ஏறி நின்றிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் மறுமுனைக்குப் போ. அங்கே சில பியானோவில் 1808-இல் எரார்ட் கொண்டுவந்த பித்தளை அக்ராஃப் இருக்கும், சிலவற்றில் கம்பிகளின்மேல் அழுத்தி நிற்கும் கேப்போ பார் இருக்கும். அங்கே கம்பி பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் நெளியவைக்கும்.

ஹேமரையும் விட்டுவிடாதே. பழைய ஹேமரின் கம்பளியில் மூன்று பள்ளங்கள் விழுந்திருக்கும். மூன்று கம்பியும் ஒரே கணத்தில் அடிபடாது. ஹேமரை மெல்லத் தூக்கிக் கம்பிகளில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டு. ஹேமர் தொட்ட கம்பி மொட்டையாக ஒலிக்கும். தொடாத கம்பி கணீரென்று ஒலித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஹேமர் கம்பியைத் தொட்டு விலகும் அந்தச் சிறு நேரத்தில் என்ன நடக்கிறது என்பது பெரிய மூளைகளைக் கட்டிப்போட்ட கேள்வி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், பவநாத் பானர்ஜியோடு சேர்ந்து 1920-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியது பியானோ ஹேமரின் மோதலைப் பற்றித்தான். நோபல் பரிசு பின்னால் ஒளிக்காக வந்தது. அதற்கு முன் அவர் பல வருஷம் ஒலியின் பின்னால்தான் போனார். நாம் நகத்தால் சுண்டிப் பார்க்கிற இடத்தைக் கணிதத்தால் சுண்டிப் பார்த்த மனிதர் நம் ஊர்க்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி மருந்து. தளர்ந்த ஆணிக்கு இப்போது எல்லோரும் செய்வது, தண்ணீர்போல ஓடுகிற சூப்பர் குளூவை ஊசி முனையால் ஆணியின் அடியில் ஒரு சொட்டு விடுவது. கெட்டியான ஜெல் வகை வேண்டாம், அது உள்ளே இறங்காது. நீர்த்த வகை மரத்துக்கும் ஆணிக்கும் நடுவில் தானே ஊறி இறங்கி இறுகிவிடும். கீழே காகிதம் விரி, ஜன்னலைத் திற, முகத்தைக் குனிந்து பக்கத்தில் கொண்டுபோகாதே. அந்த ஆவி கண்ணைக் கரிக்கும். விட்டபின் தொடாதே. அன்றைக்கே சோதிக்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு மறுநாள் போய்க் கேள். கிராண்டில் பிரிட்ஜ் படுத்திருப்பதால் இது சுலபம். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட்டில் சொட்டு கீழே வழிந்துவிடும். உள்ளே ஹேமர்களை இயக்கும் ஆக்‌ஷனைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, நாலு ஆள் பிடித்துப் பெட்டியை முதுகுப்பக்கம் படுக்கவைத்தால்தான் முடியும். ஆள் இல்லாமல் தனியாக முயற்சி செய்யாதே. 200 கிலோவுக்குப் பக்கமாக இருக்கிற பெட்டி அது.

சூப்பர் குளூவை ஏற்காத மூத்தவர்களும் இருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கி, எப்பாக்ஸி வைத்து மறுபடி இறக்குவது, இல்லையென்றால் ஒரு அளவு தடித்த ஆணி போடுவது, பிரிட்ஜின் மேல்தட்டையே புதிதாகப் போடுவது என்பார்கள். அது முறையான வேலைதான். விலையுயர்ந்த கச்சேரிப் பியானோவுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு சர்ச்சிலோ பள்ளியிலோ இருக்கிற பழைய பியானோவுக்கு ஒரு சொட்டில் பல வருஷம் கிடைக்கும் என்றால் அந்தச் சொட்டே போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கம்பி பிரிட்ஜில் படியவில்லை என்று தெரிந்தால், அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பலன் உடனே தெரியும். ஒலி தெளிந்துவிடும், வீட்டுக்காரர் கை குலுக்குவார், காசு கைக்கு வரும். ஆனால் அந்தத் தட்டு உருக்குக் கம்பியை மரத்தின் விளிம்பில் இன்னும் ஆழமாகப் புதைக்கிறது. விளிம்பு பின்வாங்கும், ஆணி முன்னால் நிற்கும், இரண்டும் ஒரே புள்ளியில் இருப்பது இன்னும் கெட்டுப்போகும். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு அதே நெளிவு முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும். அதற்குள் தட்டியவர் வேறு தெருவில் இருப்பார். அதற்குப் பதிலாக, கம்பியைப் பித்தளைக் குச்சியாலோ கடின மரக்குச்சியாலோ பக்கவாட்டில் தள்ளிக் கீழே மெல்ல அழுத்து. கை அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். அதற்குப் படியாத கம்பியைச் சுத்தியல் படியவைக்காது. கொஞ்ச நாளைக்கு அடக்கிவைக்கும், அவ்வளவுதான். பிள்ளைகளை வளர்க்கிறவர்கள், ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்கள், யாராக இருந்தாலும் இதில் எனக்கு ஒரே கருத்துதான். அடித்து உடனே கிடைக்கிற பலனை நான் நம்புவதில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் நெளிந்தால், அப்போது கம்பியை மாற்று. மேல் ஸ்தாயிக் கம்பி 0.8 மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். பெரும்பாலான பியானோக்களில் ஒரே கம்பி கீழே ஒரு முளையைச் சுற்றித் திரும்பி வந்து இரண்டு கம்பியாக வேலை செய்யும். ஒன்றை அறுத்தால் இரண்டு போகும், சில இடங்களில் பக்கத்துக் கட்டையின் கம்பியும் சேர்ந்து போகும். புதுக் கம்பியைச் சுருளிலிருந்து எடுக்கும்போது முறுக்கேற விடாதே. முறுக்கோடு ஏறிய கம்பி புதிதாகவே பொய் பேசும். ட்யூனிங் பின்னில் மூன்று சுற்று, ஒன்றோடொன்று ஒட்டி. வளைகிற ஒவ்வொரு இடத்திலும் நன்றாகப் படியவைத்துவிடு. புதுக் கம்பி மாதக் கணக்கில் நீண்டுகொண்டே இருக்கும், அடிக்கடி வந்து ஏற்ற வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல். புதுக் கம்பி போட்டும் அதே நெளிவு வந்தால், நீ பிரிட்ஜைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். திரும்ப ஆணிக்கே போ.

இவ்வளவுக்குப் பிறகும் சில நெளிவுகள் போகாது. புத்தம்புதுப் பியானோவிலும், பெயர்பெற்ற கம்பெனியின் கிராண்டிலும் மேல் ஸ்தாயியில் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றோடு எப்படி வாழ்வது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டியதே. மூன்றில் எது மிகச் சுத்தமோ அதை முதலில் வை. அடுத்துச் சுத்தமானதை அதோடு சேர். நெளிகிற கம்பியைக் கடைசியில் கொண்டுவந்து, மூன்றும் கூடும்போது எங்கே நெளிவு மிக மெதுவாகிறதோ அங்கே விட்டுவிடு. பல நேரம் நல்ல கம்பிகள் இரண்டும் அதைத் தம்மோடு இழுத்துக்கொள்ளும். நெளிகிற கம்பிகள் இரண்டு இருந்தால் ஒன்றின் விம்மலை இன்னொன்று மூடிவிடுவதும் உண்டு. அப்படி ஒரு இடம் கிடைத்தால் லீவரை எடுத்துவிடு. அதற்குமேல் துழாவினால் கிடைத்ததும் போய்விடும்.

பிறகு வீட்டுக்காரரிடம் சொல். கட்டையைத் தட்டிக் காட்டி, "இது முழுசாகப் போகவில்லை, காரணம் இது, முறையாகச் செய்ய இவ்வளவு ஆகும், செய்யாவிட்டால் ஒன்றும் உடைந்துவிடாது" என்று வெளிப்படையாகச் சொல். அவர் காதுக்குக் கேட்கப்போவதில்லை என்று மறைக்காதே. அந்த வீட்டில் பாட்டுப் படிக்கிற குழந்தையின் காதுக்குக் கேட்கும். "என் விரல்தான் சரியில்லையோ" என்று ஒரு குழந்தை தன்மேல் பழிபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, ஆணியை அழுத்திக் காட்டி, குற்றம் எங்கே என்று கேட்கவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீயும் அப்படியே செய். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அதற்குக் கூலி கேட்காதே.

கிளம்புமுன் மூன்று வேலை. பியானோ ஏசிக்கு நேராகவோ வெளிச்சுவரை ஒட்டியோ இருந்தால் நகர்த்தச் சொல். மழைக்காலத்தில் அப்ரைட்டின் அடிப்பெட்டியில் குறைந்த வாட் குண்டு பல்போ, இதற்கென்றே விற்கிற ஹீட்டர் தண்டோ எரியவிடச் சொல். திரைத்துணியோ கம்பளியோ அதில் பட்டுவிடாதபடி நீயே பொருத்திக் கொடு. மூன்றாவது, நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பியானோவின் பக்கத்தில் எந்தக் கட்டை, எந்தக் கம்பி, எந்த ஆணி, என்ன செய்தாய், எந்த மாதத்தில் செய்தாய் என்று எழுது. அடுத்த தடவை வருவது நீயாக இல்லாமல் போகலாம். வருகிற பிள்ளை லீவரை எடுக்குமுன் அதைப் படிக்கட்டும்.